இனிப்பை அளப்பவர் யார்?

2025-26 கரும்புப் பருவத்துக்கான நியாயமான, லாபகரமான விலையை மத்திய அரசு குவிண்டாலுக்கு 355 ரூபாய் என்று அறிவித்தபோது, செய்தித் தலைப்புகளில் இடம்பெற்றது அந்த ஒரு தொகைதான். அதனுடன் ஒட்டியிருந்த நிபந்தனை பலர் கண்ணில் படவில்லை. 100 கிலோ கரும்பிலிருந்து 10.25 கிலோ சர்க்கரை கிடைத்தால்தான் 355 ரூபாய். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.46 ரூபாய் கூடும். குறையும் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் அதே 3.46 ரூபாய் குறையும். 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளில் மேற்கொண்டு பிடித்தம் இல்லை. அங்கு விலை 329.05 ரூபாய். கரும்பின் எடையில் இத்தனை சதவீதம் சர்க்கரையாகக் கிடைத்தது என்று சொல்லும் இந்த அளவைத்தான் சர்க்கரைக் கட்டுமானம் என்கிறோம்.

இந்தக் கட்டுமானம் எந்த விவசாயியின் கரும்பில் அளக்கப்பட்டது? யாருடைய கரும்பிலும் தனியாக அளக்கப்படவில்லை என்பதே விடை. ஆலை ஒரு பருவத்தில் எடுத்த மொத்தச் சர்க்கரையை, அது அரைத்த மொத்தக் கரும்பால் வகுத்துக் கிடைக்கும் சராசரி அது. நன்றாக விளைந்த கரும்பும், முற்றாத கரும்பும், வெட்டிய பின் மூன்று நாள் வெயிலில் காய்ந்த கரும்பும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

தஞ்சாவூர் என்றால் நெல் என்பதே பொதுவான எண்ணம். குறுவை, சம்பா, தாளடி என்று காவிரிப் படுகையின் ஆண்டு நெல்லைச் சுற்றித்தான் சுழல்கிறது. ஆயினும் இந்த மாவட்டத்தில் கரும்பு விவசாயிகளும் கணிசமாக உள்ளனர். குருங்குளத்தில் பொதுத்துறை ஆலையான அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை இருக்கிறது. அதன் எடை மேடையில் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு உண்டு. விவசாயியின் பெயரும் கரும்பின் எடையும் அதில் இருக்கும். அந்தக் கரும்பு எவ்வளவு இனிப்பானது என்பதை வைத்து அவருக்குப் பணம் கணக்கிடப்படுவதில்லை. பொங்கல் பரிசுத் தொகுப்புக்காக அரசு கொள்முதல் செய்யும் செங்கரும்புக்கோ உயரமே நிபந்தனை. 6 அடிக்குக் குறையக் கூடாது. ஆக, ஒரு கரும்பை நிறுக்கிறோம், மற்றொரு கரும்பை முழம் போடுகிறோம். இனிப்புக்காகவே பயிரிடப்படும் ஒரு பொருளை விவசாயியிடம் வாங்கும்போது இனிப்பை மட்டும் அளப்பதில்லை.

இனிப்பை அளப்பது கடினமான வேலை என்று யாரும் சொல்ல முடியாது. மேலை நாடுகளில் வீட்டில் பொழுதுபோக்காகப் பீர் காய்ச்சுகிறவர்கள் அதைச் சமையலறையிலேயே செய்கிறார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். வோர்ட் என்பது அதன் பெயர். தண்ணீரில் சர்க்கரை கரையக் கரைய அதன் அடர்த்தி கூடும். பால்காரர் பயன்படுத்தும் பால்மானியைப் போன்ற ஒரு கண்ணாடித் திரவமானியை அந்தச் சாற்றில் மிதக்க விட்டால், சாறு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மேலே நிற்கும். நீரின் ஒப்படர்த்தியை 1.000 என்று வைத்தால், சாதாரணப் பீருக்கான சாறு 1.050 அளவில் நிற்கும். ஈஸ்ட் சேர்த்து நொதித்து முடிந்ததும் அதே திரவம் 1.010 என்று காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.25 சதவீத ஆல்கஹால் என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். அந்தப் பழக்கத்துக்குப் பரிந்துரை செய்வது இங்கு நோக்கமன்று. இந்தச் சிறு கருவி கை மாறிய வரலாற்றில் நம் கரும்பு விவசாயிக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதற்காகவே இதைச் சொல்ல நேர்கிறது.

இங்கிலாந்தில் ஹல் நகரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் 1784-இல் வெளியிட்ட நூலின் வழியாகத்தான் பீர் ஆலைகளில் திரவமானி பரவலாயிற்று. அதுவரை ஆலைகள் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, படியளவில் வாங்கின. நன்கு வறுத்த பழுப்பு மால்ட் விலை குறைவு. ஆகவே அதுவே சிக்கனம் என்று நம்பி, லண்டனின் பெரிய ஆலைகள் போர்ட்டர் என்ற கரும்பழுப்புப் பீரை அதில் காய்ச்சின. திரவமானியை மிதக்கவிட்டபோது உண்மை வெளிப்பட்டது. விலை கூடுதலான வெளிர் மால்ட், ஒரு படிக்கு மிக அதிகமான சர்க்கரையைத் தந்தது. கிடைத்த சர்க்கரையின் அளவுக்குக் கணக்கிட்டால் மலிவான மால்ட்டே விலை மிகுந்தது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின. 1817-இல் டேனியல் வீலர், நிறத்துக்காக மட்டும் சிறிதளவு சேர்க்கும் கருவறுவல் மால்ட்டுக்குக் காப்புரிமை பெற்றதும் அந்த மாற்றம் முழுமை பெற்றது. ஒரு சிறு கருவி, ஒரு தொழிலின் கொள்முதல் முறையையே மாற்றியது.

அடுத்து அந்தக் கருவியை அரசு கையில் எடுத்தது. 1880-இல் கிளாட்ஸ்டன், மால்ட் மீதான பழைய வரியை நீக்கிவிட்டு, நொதிக்கும் முன் உள்ள சாற்றின் ஒப்படர்த்திக்கு வரி விதித்தார். 1993 வரை பிரிட்டனில் பீர் வரியின் அடிப்படை அதுவே. வீட்டில் காய்ச்சுவோருக்கு இருந்த உரிம நிபந்தனையை 1963-இல் பிரிட்டன் நீக்கியது. அமெரிக்கா 1978-இல் வீட்டுத் தயாரிப்பைக் கூட்டாட்சிச் சட்டத்தில் அனுமதித்தது. இவ்வாறு முதலில் ஆலை முதலாளியிடமும், பிறகு வரி அலுவலரிடமும் இருந்த கருவி இறுதியில் சாதாரணக் குடும்பத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

சர்க்கரை ஆலையும் இதே அளவையைத்தான் பயன்படுத்துகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிராகா நகரில் கார்ல் பாலிங் பீர்த் தொழிலுக்காக வகுத்த அட்டவணையை, ஜெர்மானியரான அடால்ஃப் பிரிக்ஸ் திருத்தியமைத்தார். பீர் ஆலைகளில் அது பாலிங் என்றும், பின்னர் பிளாட்டோ என்றும் வழங்க, சர்க்கரை ஆலைகளில் பிரிக்ஸ் என்ற பெயர் நிலைத்தது. 100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் கரைபொருள் உள்ளது என்பதே இவை அனைத்தும் சொல்லும் செய்தி. 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் புதிய ரகங்களைத் தேர்ந்தெடுப்பதில் சாற்றின் பிரிக்ஸ் முக்கியமான அளவுகோல். கையடக்கமான ஒளிவிலகல்மானியில் இரண்டு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், வயலில் நின்றபடியே பிரிக்ஸ் தெரியும். அது 18 முதல் 20 வரை இருந்து, கரும்பின் அடியிலும் நுனியிலும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டினால் கரும்பு முற்றிவிட்டது என்று பொருள். ஆராய்ச்சியாளரிடமும் ஆலையின் ஆய்வகத்திலும் இருக்கும் இந்த அளவு, விவசாயியின் பணப்பட்டியலுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர் எழுப்பும் ஒரு கேள்வியை நாமும் எழுப்ப வேண்டும். எதிர்பார்த்த 1.050-க்குப் பதிலாகச் சாறு 1.040 மட்டுமே காட்டினால் அவர் கேட்பது இதுதான்: தானியம் மோசமா, நான் வடித்த விதம் மோசமா? தானியத்தில் எவ்வளவு சர்க்கரை உறைந்திருக்கிறது என்பது ஓர் எண். அதில் எவ்வளவை அவரால் வெளியே எடுக்க முடிந்தது என்பது வேறோர் எண். முதலாவது தானியத்தின் தரம். இரண்டாவது காய்ச்சியவரின் திறன். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தானியக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர் யாரும் இல்லை.

நம் கரும்பு விலையோ அந்தக் குழப்பத்தின் மீதே கட்டப்பட்டிருக்கிறது. சர்க்கரைக் கட்டுமானம் என்ற ஒற்றை எண்ணுக்குள் கரும்பின் இனிப்பும் இருக்கிறது, ஆலையின் திறமையும் இருக்கிறது. தேய்ந்த உருளைகள் சாற்றை முழுமையாகப் பிழியாமல் சக்கையில் விட்டுவிட்டால் கட்டுமானம் குறையும். அடிக்கடி ஆலை நின்று, முற்றத்தில் வண்டிகள் வரிசை கட்டினால் கட்டுமானம் குறையும். சர்க்கரையாகப் படிய வேண்டியது கழிவுப்பாகில் தங்கிவிட்டாலும் குறையும். இவற்றில் ஒன்றுகூட விவசாயியின் கையில் இல்லை. ஆயினும் 10.25-க்குக் கீழே போகும் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் விலை குறைவது அவருக்குத்தான்.

அடிப்படை அளவு உயர்ந்துகொண்டே வந்ததையும் கவனிக்க வேண்டும். 2009-10-இல் இந்த விலை முறை நடைமுறைக்கு வந்தபோது 9.5 சதவீதமாக இருந்த அடிப்படைக் கட்டுமானம், 2018-19-இல் 10 சதவீதமாகவும், 2022-23-இல் 10.25 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. அறிவிக்கப்படும் விலை, இனிப்பு மிகுந்த கரும்பு அரைக்கும் ஆலைகளுக்கு உரிய விலை. தமிழ்நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில் இல்லை. 2024-25 பருவத்தில், 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளுக்கு உரிய 3,151 ரூபாயுடன் மாநில அரசின் சிறப்பு ஊக்கத்தொகை 349 ரூபாயைக் கூட்டித்தான் டன்னுக்கு 3,500 ரூபாய் என்று நம் அரசு கணக்குக் காட்டியது. நாம் அடித்தளத்தில் நிற்கிறோம் என்பதற்கு அந்தக் கூட்டலே சான்று.

அடித்தள விலை விவசாயிக்கு ஒரு பாதுகாப்பு, அதில் ஐயமில்லை. ஆனால், அதற்கு எதிர்பாராத ஒரு பின்விளைவும் உண்டு. ஆலையின் சராசரி 8.7 ஆனாலும் 9.4 ஆனாலும் விலை ஒன்றுதான். அப்படியானால் இந்த ஆலைகளின் எல்லைக்குள் இனிப்புக்கு விலையே இல்லை என்றாகிறது. ஒரு விவசாயியின் கரும்பில் உள்ளபடியே 10.5 சதவீதக் கட்டுமானம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் அதே சூத்திரத்தைத் தனியாக அவருக்குப் பொருத்தினால் குவிண்டாலுக்கு 363.65 ரூபாய் வரும். அடித்தள விலையைவிட 34.60 ரூபாய் அதிகம். டன்னுக்கு 346 ரூபாய். ஏக்கருக்கு 40 டன் விளைவித்தால் 13,840 ரூபாய். இந்தத் தொகையை அவரிடமிருந்து யாரும் திருடவில்லை. அளக்காமல் விட்டதால் அது கணக்குக்கே வரவில்லை.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை, பின்னாளில் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. தரத்தை வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில் எல்லாப் பொருளுக்கும் சராசரி விலையே கிடைக்கும். ஆகவே தரமான பொருள் வைத்திருப்பவர் மெல்ல விலகிக்கொள்வார் என்பது அதன் சாரம். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்ச் சந்தை. நம் கரும்பிலும் அதே நியாயம் செயல்படுகிறது. எடைக்கு மட்டும் பணம் என்றால் விவசாயி எடையை நோக்கியே போவார். கடைசி நாள்களில் நீர்ப் பாய்ச்சலைக் குறைத்துக் கரும்பை முற்றவிடுவதில் அவருக்கு லாபமில்லை. எடை தரும் ரகம் இருக்கையில் இனிப்புத் தரும் ரகத்தை நடுவதிலும் லாபமில்லை. சோகையை நன்றாக உரித்து, வேரும் மண்ணும் நீக்கி அனுப்புவதற்குக் கூடுதல் கூலி கொடுக்கவும் காரணமில்லை. இவை எதையும் விவசாயியின் அலட்சியம் என்று கூறுவது அநீதி. எதற்குப் பணம் தருகிறோமோ அதுதான் விளையும்.

உத்தரப் பிரதேசம் இதற்கு ஓர் இடைவழி கண்டிருக்கிறது. அங்கு மாநில அரசு அறிவிக்கும் பரிந்துரை விலை, ரகத்தைப் பொறுத்து மாறுகிறது. 2025-26 பருவத்தில் முன்பருவ ரகங்களுக்குக் குவிண்டாலுக்கு 400 ரூபாய், பொது ரகங்களுக்கு 390 ரூபாய். தனித்தனிக் கரும்பை அளக்காவிட்டாலும், இனிப்பான ரகத்தை நட்டவருக்கு ஒரு சிறிய கூடுதல் தொகை கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் 2016-17 வரை மாநிலப் பரிந்துரை விலை இருந்தது. பிறகு 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வருவாய்ப் பகிர்வு முறைக்கு மாறினோம். 2012-இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்த அந்த முறையில், சர்க்கரை மற்றும் உபபொருள்களின் மதிப்பில் 70 சதவீதம் விவசாயிக்கு உரியது. கோட்பாட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் பகிர்வும் ஆலையின் சராசரியை வைத்தே நடக்கிறது. ஒரு வண்டிக் கரும்பின் தரம் அங்கும் கேட்கப்படுவதில்லை.

தனித்தனியாக அளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. படுகை விவசாயிக்குக் கருவிகளோடு இரண்டு விதமான அனுபவங்கள் உண்டு.

ஒன்று பால். கூட்டுறவு முறையில் பாலின் விலை, கொழுப்பையும் கொழுப்பு அல்லாத திடப்பொருளையும் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆயினும், தண்ணீர் கலக்காத நல்ல பாலுக்குக் கூடுதல் விலை உண்டு என்பது மாடு வளர்க்கும் எந்தப் பெண்மணிக்கும் தெரியும்.

மற்றொன்று நெல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை வாங்கக் கூடாது என்பது விதி. பருவம் தவறிய மழைக்குப் பின் 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரை தளர்த்தியதைப் போல, மத்திய அரசு அவ்வப்போது சலுகை காட்டும். ஆனால் அந்தச் சலுகை வரும் வரை நெல் களத்திலும் சாலையோரத்திலும் கிடக்கும். 14 சதவீதம் வரை நன்கு உலர்த்திக் கொண்டுவந்தவருக்கு அந்தக் கருவி கூடுதலாக ஒரு ரூபாயும் தருவதில்லை. இங்கே கருவி வாயிற்காவலராக மட்டுமே நிற்கிறது.

கரும்பு விவசாயிக்கு இந்த அச்சம் இன்னும் ஆழமானது. பணம் நிலுவையில் நிற்பதும், எடை மேடையின் மீதான ஐயமும் அவருக்குப் பழகிப்போனவை. பாபநாசம் வட்டம் திருமண்டங்குடியில், நிலுவைத் தொகையையும் தங்கள் பெயரில் பெறப்பட்ட வங்கிக் கடன்களையும் முன்வைத்து 2022 இறுதியில் விவசாயிகள் தொடங்கிய நெடும் போராட்டத்தை இந்த மாவட்டம் எளிதில் மறக்காது. அத்தகைய சூழலில், ‘இனி உங்கள் கரும்பின் இனிப்பையும் நாங்களே அளந்து சொல்கிறோம்’ என்று ஓர் ஆலை முன்வந்தால், விலையைக் குறைப்பதற்கு இன்னொரு வழி என்றுதான் விவசாயி நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

அளவீட்டிலும் நுட்பங்கள் இருக்கின்றன. அறியாதவரை ஏமாற்ற அவை போதும். திரவமானிகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்கு அளவு குறிக்கப்பட்டவை. தஞ்சையின் வெயிலில் 35 டிகிரியில் உள்ள சாற்றைத் திருத்தம் செய்யாமல் அளந்தால், உண்மையைவிட ஏறத்தாழ ஒரு பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். மேலும், பிரிக்ஸ் சொல்வது கரைபொருள் அனைத்தின் அளவு. சர்க்கரை அதில் ஒரு பகுதியே. இரு சாறுகள் 19 பிரிக்ஸ் காட்டலாம். ஒன்றின் தூய்மை 88 சதவீதமானால் அதில் சர்க்கரை 16.7, மற்றொன்றின் தூய்மை 78 சதவீதமானால் 14.8. வெட்டி நாள்பட்ட கரும்பில் சர்க்கரை சிதைந்து வேறு இனிப்புகளாக மாறிவிடும், நீரும் வற்றும். அப்போது பிரிக்ஸ் ஏறியிருப்பதுபோலத் தோன்றும், ஆலைக்குக் கிடைக்கும் சர்க்கரையோ இறங்கியிருக்கும். நொதித்த பீரில் நீரைவிட இலேசான ஆல்கஹால் கலந்திருப்பதால் திரவமானியின் ஒற்றை அளவு பொய் சொல்லும் என்பதையும், முதல் அளவோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பதையும் வீட்டில் காய்ச்சுகிறவர் அறிவார். கரும்பிலும் பிரிக்ஸ் ஒன்று, போலாரிமீட்டரில் அளக்கும் சர்க்கரை மற்றொன்று என இரண்டு எண்கள் வேண்டும்.

இந்தச் சிக்கல்களைத் தீர்த்த நாடுகள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 1915-லேயே கரும்பு விலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. அங்கு ஒவ்வொரு விவசாயியின் கரும்பும் தனியாகச் சோதிக்கப்படுகிறது. நீண்ட காலம் வழக்கில் இருந்த விலைச் சூத்திரம், ஆலையின் திறனை 90 சதவீதம் என்று நிலையாக வைத்துக்கொண்டது. அதற்குக் கீழே ஆலை இறங்கினால் நஷ்டம் ஆலைக்கு. மேலே ஏறினால் லாபமும் ஆலைக்கு. கரும்பின் தரத்துக்கு விவசாயி பொறுப்பு, எந்திரத்தின் தரத்துக்கு ஆலை பொறுப்பு என்று கோடு தெளிவாகக் கிழிக்கப்பட்டது. பருவத் தொடக்கத்தில் வெட்டு உத்தரவு பெற்றவருக்கு இயல்பாகவே கட்டுமானம் குறையும் என்பதால், அந்த வாரத்தில் வந்த மற்றவர்களின் கரும்போடு மட்டும் ஒப்பிடும் முறையும் அங்கே உண்டு. தமிழர்கள் கூலிகளாகச் சென்று கரும்பு வெட்டிய மொரீஷியசில், ஆலையும் விவசாயியும் அல்லாத ஓர் அரசு அமைப்பு சோதனையைக் கண்காணிக்கிறது. கிடைக்கும் சர்க்கரையில் 78 சதவீதம் விவசாயிக்கு என்பது அங்குள்ள பங்கீடு.

நம்மால் செய்யக்கூடியவை என்ன? முதலாவதாக, ஆலையின் அன்றாடக் கணக்கு வெளியே வர வேண்டும். கரும்பில் இருந்த சர்க்கரை எவ்வளவு, சக்கையிலும் கழிவுப்பாகிலும் போனது எவ்வளவு, மூட்டையில் சேர்ந்தது எவ்வளவு என்ற எண்கள் ஒவ்வோர் ஆலையின் ஆய்வகத்திலும் நாள்தோறும் கணக்கிடப்படுபவை. அவற்றை எடை மேடைக்கு அருகே தமிழில் எழுதி வைக்கக் கூடுதல் செலவில்லை. இனிப்பைத் தொலைத்தது வயலா, ஆலையா என்பதை அந்தப் பலகையே சொல்லிவிடும்.

இரண்டாவதாக, வாயிலில் ஒவ்வொரு வண்டியிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். வண்டிகள் இப்போதே விவசாயியின் பெயரில்தான் எடையிடப்படுகின்றன. ஆகவே யாருடைய கரும்பு என்று பிரித்தறிவது புதிய வேலை அல்ல. மாதிரியை இரண்டாகப் பகுத்து, ஒன்றை விவசாயியின் கையெழுத்தோடு முத்திரையிட்டு வைத்தால் மறுசோதனைக்கு வழியிருக்கும். சோதனை செய்பவர் ஆலையிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். எடைக்கற்களுக்கு உள்ள முத்திரையும் ஆய்வும் இந்தக் கருவிகளுக்கும் வேண்டும்.

மூன்றாவதாக, வெட்டிய நேரமும் அரைத்த நேரமும் சீட்டில் பதிவாக வேண்டும். ஆலையின் தாமதத்தால் கரும்பு காய்ந்தால், எடையிலும் இனிப்பிலும் ஏற்படும் இழப்பு ஆலையைச் சாரட்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முதன்மையானது. இந்த அளவீடு பரிசளிக்க மட்டுமே பயன்பட வேண்டும். அடித்தள விலைக்குக் கீழே எந்த விவசாயிக்கும் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. இந்த உறுதி சட்டத்தில் இல்லாவிட்டால், நெல் ஈரப்பதமானியின் கதையே கரும்பிலும் திரும்பும்.

சிலருக்குக் கூடுதல் விலை தந்து, எவருக்கும் குறைக்காவிட்டால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று ஆலைகள் கேட்கும். நியாயமான கேள்வி. ஒரு பகுதி, உயரும் கட்டுமானத்திலிருந்தே வரும். கட்டுமானம் 0.1 சதவீதம் கூடினால் ஒரு டன் கரும்புக்கு ஒரு கிலோ சர்க்கரை கூடுதல். ஒரு பருவத்தில் 3 லட்சம் டன் அரைக்கும் ஆலைக்கு அது 300 டன் சர்க்கரை. 2019 பிப்ரவரியில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச விற்பனை விலையான கிலோவுக்கு 31 ரூபாயில் கணக்கிட்டாலே 93 லட்சம் ரூபாய். எஞ்சியதை மாநில அரசின் சிறப்பு ஊக்கத்தொகை ஈடுசெய்யலாம். இப்போது எல்லா டன்னுக்கும் சமமாகத் தரப்படும் தொகையில் கை வைக்கத் தேவையில்லை. இனி வரும் ஆண்டுகளில் அது உயர்த்தப்படும்போது, உயரும் பகுதியை மட்டும் இனிப்போடு இணைத்தால் போதும். சோதனைக் கருவிகளுக்கும் பணியாளர்களுக்கும் செலவு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எடை மேடைக்கும் ஒரு காலத்தில் செலவிட்டோம். அதை வீண் என்று யாரும் சொல்வதில்லை.

தனியார் ஆலைகள் தயங்கினால் அரசு தன் கையில் உள்ள ஆலையில் தொடங்கலாம். குருங்குளம் பொதுத்துறை ஆலை. அங்கு முடிவெடுக்கப் பேரம் பேச வேண்டிய முதலாளி யாரும் இல்லை. ஒரு பருவம் பணப்பட்டியலை மாற்றாமல், ஒவ்வொரு வண்டியின் இனிப்பையும் அளந்து சீட்டில் அச்சிட்டுத் தந்தாலே போதும். தம் கரும்பு சராசரிக்கு மேலா, கீழா என்பது விவசாயிக்கு முதன்முறையாகத் தெரியவரும். பக்கத்து வயலின் சீட்டோடு தம் சீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார். எந்த ரகம், எத்தனை நாள் நீர் நிறுத்தம், எத்தனையாவது மறுதாம்பு என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கும். எந்தப் பயிற்சி முகாமும் தராத அறிவு அந்தப் பேச்சில் பிறக்கும்.

விலை எவ்வளவு என்று போராடுவதில் நம் விவசாய இயக்கங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. எதை அளந்து அந்த விலை போடப்படுகிறது, அளக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளையும் அவை கையில் எடுக்க வேண்டிய காலம் இது. அடுத்த பருவத்துக்கான விலை அறிவிப்பு வரும்போது, குவிண்டாலுக்கு எத்தனை ரூபாய் என்பதோடு நிறுத்தாமல், குருங்குளம் எடை மேடையில் தரப்படும் சீட்டில் இன்னும் ஒரு வரி சேருமா என்றும் கேட்போம்.